சுரங்க ரயிலுக்கு எவ்வளவு ஆகும்?

"சுரங்க ரயில் மதிப்பீட்டுல கையெழுத்துப் போட்டுடுங்க மேடம்" என்றார் தலைமைப் பொறியாளர்.

நிதி அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஆத்துக்கு அடியில தோண்டறீங்க. தண்ணி புகுந்தா?"

"புகாது."

"விலைவாசி ஏறினா?"

"ஏறாது."

"நிஜச் செலவை எழுதுங்க சார்."

"எழுதினா திட்டத்துக்கு அனுமதியே கிடைக்காது மேடம்! தோண்ட ஆரம்பிச்சுட்டா யாரும் பாதியில நிறுத்த மாட்டாங்க. கேக்கக் கேக்கக் கொடுப்பாங்க."

அதிகாரி தொகையை அடித்துவிட்டு, 'இரண்டு மடங்கு' என்று எழுதினார்.

"என் கணக்கு மேல ஏன் மேடம் இவ்வளவு சந்தேகம்?"

அறையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

"ஏங்க, ஒரே மாசத்துல முடிச்சுடலாம்னு சமையலறைச் சுவரை இடிச்சீங்களே, இன்னும் நான் பால்கனியிலதானே சமைக்கிறேன்?"

பொறியாளர் பேனாவை வாங்கி, அதை 'மூன்று மடங்கு' என்று திருத்தினார்.