தோள்கொடுக்கும் சங்கம்

"அந்த உம்மணாமூஞ்சியைச் சங்கத்தை விட்டே தூக்கிடணும். என்ன சொல்றீங்க?" என்றார் தலைவர்.

ஆராய்ச்சி மாணவர் தோள்கொடுக்கும் சங்கத்தின் வாராந்தரக் கூட்டம். இடம், ஆய்வுக்கூடத்துக்கு மேல்மாடி. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாருமே டாக்டர் பட்டத்துக்கு மல்லுக்கட்டிக் கொண்டிருப்பவர்கள்தான். வந்திருந்தவர்களில் பதவி இல்லாத உறுப்பினர் என்று பார்த்தால், போன வாரம் பிடித்துப்போட்ட ஒரு புதுப்பெண். காசே இல்லாத சங்கத்துக்குப் பொருளாளர் எதற்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மனிதர் கோபித்துக்கொள்வார்.

"எப்ப கூப்பிட்டாலும் 'வேலை இருக்கு'ங்கறான்" என்றார் செயலாளர் அக்கா. "நாமெல்லாம் வெட்டியா இருக்கோமாக்கும்!"

"ஆறு வருஷமா ஒரே ஆராய்ச்சி. இன்னும் பாதிகூடத் தாண்டலை" என்றார் பொருளாளர். "நம்மளைப் பாத்தா வயித்தெரிச்சல், வேறென்ன?"

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்." தலைவர் மேஜையைத் தட்டினார். "அவன் நமக்காக ஒரு துரும்பை எடுத்துப் போட்டிருக்கானா? மனசைத் தொட்டுச் சொல்லுங்க!"

அக்கா ஜன்னலைப் பார்த்தார். பொருளாளர் தன் செருப்பைப் பார்த்தார். கேட்ட தலைவருக்கே அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது.

"பாத்தீங்களா? ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அப்ப முடிவு பண்ணிடலாம். கையைத் தூக்குங்க."

மூன்று கைகள் உயர்ந்தன. புதுப்பெண் கை தூக்கவில்லை, எழுந்தே நின்றுவிட்டாள்.

"அண்ணா, நான் கீழ லேபுக்குப் போயிட்டு ஓடி வந்துடட்டுமா? மூணு மணிக்கே நான் தட்டுல வளக்கற செல்லுக்கெல்லாம் மீடியா மாத்தியிருக்கணும். அதுதான் அதுங்களுக்குச் சாப்பாடு. போன தடவை எல்லாமே செத்துப்போச்சு. இந்தத் தடவையும் செத்தா, மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போன்னு புரொபசர் சொல்லிட்டாருண்ணா."

சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"எல்லாரும் கைதட்டுங்க!" என்றார் தலைவர்.

சங்கத்தின் விதி அது. யார் கஷ்டத்தைச் சொன்னாலும் கைதட்டி ஊக்கம் கொடுக்க வேண்டும். பொருளாளர் விசில்கூட அடித்தார்.

"கைதட்டினா செல்லு பொழைக்காதேண்ணா."

"உக்காரும்மா. மனசுல இருக்கிற பாரத்தை இறக்கி வைக்கத்தானே இந்தச் சங்கம்?"

"இல்லண்ணா, இப்பவே மூணரை..."

"கூட்டத்து நடுவுல எழுந்து போனா, உனக்கும் அந்த உம்மணாமூஞ்சிக்கும் என்னடி வித்தியாசம்?" என்றார் அக்கா.

சீனியர்களைப் பகைத்துக்கொண்டு ஜூனியர் எங்கே குப்பை கொட்டுவது? உட்கார்ந்தாள்.

அடுத்து, சங்கத்துக்குப் பேனர் வைப்பது பற்றிய பேச்சு. நீலமா, பச்சையா என்று சண்டை பிடித்தார்கள். எந்தக் கலராய் இருந்தாலும் தலைவர் படம் பெரிதாக வரவேண்டும் என்பதில் தலைவருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. கடைசியில் குரூப் போட்டோ.

"கொஞ்சம் சிரிம்மா. ஊக்கம் தெரிய வேணாமா?"

சிரித்தாள். பாவம், அழுவது போலத்தான் இருந்தது.

"சரி, வாங்க. நீக்கிட்டோம்ங்கறதை அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டு வந்துடுவோம்" என்று தலைவர் கிளம்பினார். அதற்குள் புதுப்பெண் படிக்கட்டில் பாதி தூரம் இறங்கியிருந்தாள். அப்பாவிடம் போனில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓடினாள்.

லேபில் உம்மணாமூஞ்சி குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். அவனை யார் கவனித்தார்கள்? நேரே ஓடிப்போய்த் தன் தட்டுகள் இருந்த பெட்டியைத் திறந்தாள்.

இந்நேரம் கெட்டு மஞ்சளாகிப் போயிருக்க வேண்டிய மீடியா, புத்தம்புதுசாய் இளஞ்சிவப்பாய் இருந்தது.

"மூணு மணி தாண்டியும் உன்னைக் காணோம். அதான் நானே மாத்திட்டேன்" என்றான் உம்மணாமூஞ்சி, தலையை நிமிர்த்தாமல். "மைக்ராஸ்கோப்ல பாத்தேன். எல்லாம் உசுரோடதான் இருக்கு. பெட்டியை மூடிட்டு அழு. கண்ணீர் உள்ள விழுந்து தொலைக்கப் போகுது."

அதற்குள் சங்கம் மொத்தமும் வாசலில் வந்து நின்றது. தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"இங்க பாருப்பா. உன்னைப் பத்திக் கூட்டத்துல ஒரு முடிவு..."

"ஒரு நிமிஷம் இருங்க தலைவரே, விட்டா மறந்துடுவேன். அக்கா, நீங்க பாத்துக்கச் சொன்ன மெஷின் நடுவுல நின்னுபோச்சு. மறுபடி ஓடவிட்டிருக்கேன். அண்ணே, உங்க எலிக்கெல்லாம் தீனி போட்டாச்சு. அதுல ஒண்ணு கடிச்சிடுச்சு. பரவாயில்ல, சின்னக் காயம்தான்."

அக்கா திரும்பிப் பொருளாளரைப் பார்த்தார்.

"உங்களோடதையுமா இவன் பாக்கறான்?"

"நான் என்னமோ எனக்கு மட்டும்தான்னு..." பொருளாளர் அசடு வழிந்தார்.

தலைவர் மெல்ல வாசல் பக்கம் நழுவினார்.

"தலைவரே, எங்க போறீங்க? நீங்க காலையில கழுவக் குடுத்த சோதனைக்குழாயெல்லாம் இன்னும் பாதி பாக்கி. கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு வாரம் நீங்க மூணு பேரும் உங்க வேலையை நீங்களே பாத்துக்கிட்டீங்கன்னா, ஒருத்தருக்கொருத்தர் எப்படி ஒத்தாசையா இருக்கிறதுன்னு கத்துக்க நானும் அந்தக் கூட்டத்துக்கு வந்துடுவேன்."