மணல் மூட்டைக்குச் சன்னலோரம்

அவளுக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை டீசலாக்கும் கொட்டகை இது. விடிந்ததிலிருந்து கேன் தூக்குகிறாள். வாசலில் சோதனை பஸ் நிற்கிறது. ஓட்டப்போவது அவள் புருஷன். ஆளுக்குப் பதில் சீட்டெல்லாம் மணல் மூட்டை. இந்தப் பாரத்தோடு பாலத்து மேட்டில் ஏறிவிட்டால் ஊர் பஸ் அத்தனைக்கும் இந்த எண்ணெய்தான். திணறினால் கொட்டகைக்குப் பூட்டு. கடைசிக் கேனிலிருந்து ஒரு சொட்டைக் காய்ந்த இரும்புச் சட்டியில் விடுகிறாள். படபடவென்று வெடிக்கிறது. தண்ணீர் கலந்திருக்கிறது. “கேனைக் கழுவினியா?” “பளபளன்னு இருக்கட்டுமேன்னு…” என்று புருஷன் அசடு வழிகிறான். “வீட்ல ஒரு டம்ளர் கழுவ மாட்டே. இதை ஊத்தினா பாதி மேட்டுல வண்டி இருமிட்டு நிக்கும், மகராசா.” அவள் கேனைத் தூக்கப் போகிறாள். “தோளு வலிக்குதுன்னியே, விடு” என்று பிடுங்கி, அண்டாவில் கவிழ்த்து அவனே சூடேற்றுகிறான். தகரக் கூரையின் ஓட்டை வழியாக விழும் வெயிலில் ஆவி சுருண்டு ஏறுகிறது; இருவர் முகத்திலும் எண்ணெய் மினுங்குகிறது. மறுபடி ஒரு சொட்டு. சட்டி சத்தமில்லாமல் புகைகிறது. அவள் தலையாட்டுகிறாள். டாங்க் நிறைகிறது, பஸ் உறுமுகிறது, தெருவெல்லாம் பொரித்த வாசம். “மூட்டைக்கெல்லாம் சன்னலோர சீட்டு, எனக்கு?” “நாளைக்கு உனக்குத்தான்டி!” “போன தடவையும் இதையேதான் சொன்னே.” மேட்டில் ஏறும் இரைச்சலை மூச்சைப் பிடித்துக் கேட்கிறாள். அது அறுபடாமல் உச்சி தாண்டி இறங்குகிறது. தான் காய்ச்சிய எண்ணெயில் ஓடும் பஸ்ஸில் அவள் இன்னும் ஏறியதில்லை. அந்த ஒரு சவாரி அவன் அவளுக்கு வைத்திருக்கும் பாக்கி.