அணைக்கட்டைத் தாண்டிய படகு

யஹ்யா தாமிரபரணியை அட்டையில் வரைந்து ஒரு விளையாட்டு செய்திருந்தான். பாபநாசத்தில் கிளம்பும் படகுக் காய் கடலுக்குப் போக வேண்டும். கட்டம் போட்டதில் ஒரு தப்பு நேர்ந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்ட ஒரே உருட்டில் ஏழு விழ வேண்டும்; இருப்பதோ ஒரே பகடை, அதில் ஆறுக்கு மேல் கிடையாது. அவன் ரப்பரை எடுப்பதற்குள் அக்கா ஷம்ஸியா பகடையை உருட்டிவிட்டாள்.

“ஏலே, ஏழு விழுந்துட்டுலே! நான் ஜெயிச்சிட்டேன்!”

“ஆட்டம் முடிஞ்சிட்டு லாத்தா! முதல் தடவையா முடிஞ்சிட்டு!”

இருவரும் குதித்தார்கள். படகு கடலில் இறங்கியது.

அப்புறம்தான் யஹ்யா பகடையைப் பார்த்தான். வேப்பங்கட்டையில் அவனே செதுக்கியது. மேல்பக்கமும் அடிப்பக்கமும் சேர்ந்து எப்போதும் ஏழு வரும்படி அவனே புள்ளி வைத்தது.

மேலே ஏழு சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

பகடையைப் பையத் தூக்கிப் பார்த்தான். அடியில் வெறும் மரம்.