விரல் சொல்லும் பாதி

முதல் வால்வு. பிறகு முதலும் இரண்டும் சேர்ந்து. பிறகு ஒன்றுமில்லை.

அவர் அழுத்திக்கொண்டே இருக்கிறார்.

நூறு வருடத்துப் பழைய கார்னெட், மூன்று வால்வு வைத்த சின்ன டிரம்பெட் போன்ற பித்தளை வாத்தியம், மடியில் கிடக்கிறது. வலது கை எழவில்லை. இடது கையால்தான்.

பக்கவாதம் வந்த அன்றே உதடு ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. பேச்சும் போயிற்று. மூன்று வாரமாக இதே வரிசை. ஒவ்வொரு முறை முடித்ததும் மனைவியின் முகத்தைப் பார்க்கிறார்.

ஏதோ ஒரு பாட்டு. தனக்குத்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் ஆட்டோ பிடித்து அமலதாஸின் பட்டறைக்குக் கூட்டிவந்தாள். வாத்தியங்களைப் பழுது பார்ப்பவன். சர்ச் பேண்டில் அவருக்குப் பக்கத்தில் நின்று பதினெட்டு வருடம் ஊதியவன். விரலைப் பார்த்தே எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவான் என்று நம்பினாள்.

அவன் வெகுநேரம் பார்த்தான். பேண்டில் இதை ஊதியதேயில்லை என்றான்.

கார்னெட்டை வாங்கி ஒரு வால்வைத் திருகி வெளியே எடுத்தான். அதன் உடம்பில் ஓட்டைகள். அழுத்தினால் காற்று பக்கத்துக் குழாயைச் சுற்றிக்கொண்டு போகும், சுரம் இறங்கும் என்று காட்டினான்.

“மூணே மூணு வால்வுதான்க்கா. ஒரே அழுத்துல அஞ்சாறு சுரம் இருக்கு. எதுன்னு உதடுதான் முடிவு பண்ணும்.”



அமலதாஸ் வால்வைப் பூட்டினான். அவர் எதிரில் முட்டி போட்டான். கார்னெட்டைத் தன் வாயில் வைத்து, வால்வுகளை அவர் விரலுக்கு எட்டும்படி நீட்டினான்.

அவர் அழுத்தினார். அவன் ஊதினான்.

ஏதோ ஒரு மெட்டு வந்தது. அவர் தலை, இல்லை என்று ஆடியது.

மறுபடியும். அதே விரல்கள், அதே வரிசை. வேறு மெட்டு.

இல்லை.

மூன்றாவது முறை அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அதில் சுரம் இல்லை. அமலதாஸின் உதடு சிவந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நான்காவது முறை, மெட்டு முடியும் முன்பே அவர் தலையசைத்தார். ஆமாம்.

அமலதாஸ் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் அந்தத் தலையசைப்பைப் பார்த்தாள்.

உப்பு போட மறந்த குழம்பு. அளவு தப்பி அவள் வாங்கிவந்த சட்டை. நல்லாயிருக்கா என்று கேட்டபோதெல்லாம், முப்பத்தொரு வருடமாக, இப்படித்தான் அசைத்திருக்கிறார்.

“இதேதான் தம்பி,” என்றாள். “இன்னொரு தடவ ஊதுப்பா.”