இரண்டு இல்லத்துக்கும் ஒரே ஃபோன்

கீழ்த்தளத்து பனியன் கம்பெனியில் தையல் மிஷின்கள் ஓடுகின்றன. அந்த அதிர்வில் மாடி அறை மேசையில் டீ கிளாஸ்கள் கிணுகிணுக்கின்றன. சேவூர் முதியோர் இல்லமும் அருள்புரம் முதியோர் இல்லமும் செலவைக் குறைக்கச் சேர்ந்து போட்ட அலுவலகம் இது. அன்னதானம் செய்ய யார் கூப்பிட்டாலும் இனி இந்த ஒரே ஃபோன்தான். அதை எடுக்கும் நதியா, போன மாதம் வரை அருள்புரத்தில் வேலை பார்த்தவள். சேவூர் இல்லத்தை நடத்தும் செல்லாத்தாள் அதை மறக்கவில்லை. அலுவலகம் வந்த நாள் முதல் சேவூருக்கு ஓர் அன்னதானமும் வரவில்லை; பெரியவர்களின் இலையில் பாயசம் விழவில்லை. செல்லாத்தாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நதியாவின் உதடுகளையே பார்க்கிறார். எதிரே அருள்புரத்தை நடத்தும் பொங்கியண்ணன் காலை ஆட்டியபடி டீயை ஊதிக் குடிக்கிறார். ஃபோன் அடிக்கிறது. "ஸ்பீக்கர்ல போடு கண்ணு," என்கிறார் செல்லாத்தாள். ஓர் ஆண்குரல் அறையை நிறைக்கிறது. "அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை திதிங்க. பெரியவங்களுக்கு எங்க கையால எலை போட்டுப் பரிமாறோணும். எந்த இல்லத்துக்கு வரட்டுங்க?" நதியாவின் பேனா அந்தரத்தில் நிற்கிறது. மின்விசிறியில் ஒட்டியிருந்த பஞ்சு ஒன்று பிரிந்து, அவசரமில்லாமல் மேசைமேல் இறங்குகிறது. "சேவூருக்கு வாங்க சார்." பொங்கியண்ணனின் கால் சட்டென்று நிற்கிறது. செல்லாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக நாற்காலியில் சாய்கிறார். "இனி ஸ்பீக்கர் வேண்டாம் கண்ணு. ஒரே எரைச்சலா இருக்குது." பொங்கியண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை நதியாவின் பக்கம் இழுத்துப் போடுகிறார். "ஸ்பீக்கர் இருக்கட்டும் கண்ணு. நானும் கேக்கோணும்."