மூன்றாவது ஊசி

ஒடித்துப் போட்ட கிளையிலிருந்து ஒரு கொத்தைப் பிய்த்து ஊசி இலைகளை விரிக்கிறாள். மூன்று. அடுத்த கொத்திலும் மூன்று. இந்தச் சரிவில் பைன் மரம் இரண்டு ஜாதி. பட்டையிலும் காயிலும் அக்கா தங்கை மாதிரிதான், ஊசி மட்டுமே காட்டிக்கொடுக்கும். கொத்துக்கு இரண்டென்றால் சாலைக்காக வெட்டலாம். மூன்றென்றால் தொடக்கூடாது, மலையிலேயே ஏழு மரம்தான் மிச்சம். நேற்று மழையில், இந்த மரத்தடியில் கிடந்த சருகை எண்ணி, வெட்டலாமென்று குறி போட்டவள் அவள்தான். பக்கத்து மரத்துச் சருகாக இருக்கலாமென்று தோன்றவேயில்லை.

"என்ன மேடம், மரத்துக்கு ஜோசியமா?" சிரித்துக்கொண்டே ரம்பக்காரர் காதை மூடும் கவசத்தை மாட்டுகிறார். ரம்பம் உறுமுகிறது.

"அண்ணே, நிறுத்துங்க."

அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை. மரத்தூள் பிசின் வாசனையோடு பறக்கிறது. வனத்துறையில் சேர்ந்து நாலே மாதம். கட்டையாகிவிட்டால் ஊசியை யார் எண்ணப்போகிறார்கள்? அந்த நினைப்பு ஒரு கணம் சுகமாக இருக்கிறது. அந்தச் சுகம்தான் அவளைப் பயமுறுத்துகிறது.

ரம்பம் ஓடும்போது பின்னாலிருந்து ஆளைத் தொடக்கூடாது. திடுக்கிட்டால் கை போய்விடும். ஈரச் சருகில் கால் வழுக்க, மரம் சாயப்போகும் பக்கமாகச் சுற்றி வந்து அவர் கண்முன் நிற்கிறாள். ரம்பம் அடங்குகிறது.

"சாகவா வந்தீங்க? இந்தப் பக்கம் யாராவது நிப்பாங்களா?"

"நான் தப்பா குறி போட்டுட்டேண்ணே. இது வெட்டக்கூடாத மரம்."

அவர் ரம்பத்தைக் கீழே வைக்கிறார். குனிந்து, வெட்டுவாய்க்குள் விரலை விட்டு ஆழம் பார்க்கிறார்.