தேவயானி கேட்டது

இப்போதெல்லாம் பொறுமை என்பது எவனுக்கும் கிடையாது. எதற்கெடுத்தாலும் அதட்டல்தான். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற செக்யூரிட்டிகூட அதட்டித்தான் உள்ளே விட்டான்.

என் மகள் தேவயானிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாய்ப்பேச்சும் கிடையாது. கம்பம் ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவம். வயிற்றைக் கிழித்துப் பெண்பிள்ளையை எடுத்திருந்தார்கள்.

வார்டுக்குள் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

அவளுடைய இரண்டு கைகளையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி. மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது.

"என்னத்தா இது? மாட்டைக் கட்டுறாப்புல கட்டி வச்சிருக்கீக?" என்றேன் நர்ஸ் ஜெபஷீலாவிடம்.

"சத்தம் போடாதீக பெரியவரே. ஆபரேஷன் நடக்கையில கையை ஆட்டி ஒரே ரகளை. ரெண்டு அடி போட்டும் அடங்கல. கட்டாம என்ன செய்ய?"

"அது ஆட்டுறது இல்ல. அவ பேசுறதே அப்படித்தான்."

"எங்களுக்கு அந்தப் பாஷை தெரியாதே" என்று சிரித்தாள்.

முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி விரித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு பேசினாள்.

முதுகில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. கண் முழித்துத்தான் இருந்திருக்கிறாள். பிள்ளையை எடுத்ததும் டாக்டரம்மா இவள் முகத்துக்கு நேரே ஒற்றை விரலைக் காட்டி, அடுத்து இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டியிருக்கிறாள். இவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஒன்றோடு சரி, இனிமேல் பிள்ளை கிடையாது.

வேண்டாம், வேண்டாம் என்று கையை வீசியிருக்கிறாள். அப்போதுதான் கட்டியிருக்கிறார்கள்.

என்னைப் பார்த்து உள்ளங்கையை மலர்த்தினாள். யார் சொல்லிச் செய்தது?

மீசையை முறுக்கிக் காட்டினாள். அவள் புருஷன் திலீபனா? அவன் ஏலத்தோட்டத்திலிருந்து இன்னும் மலை இறங்கவில்லை. இல்லையென்று அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். டாக்டரம்மாவா? அதோ நிற்கிறாளே, அந்த நர்ஸா?

என்னை மட்டும் அவள் காட்டவில்லை.

காலையில், ஆபரேஷனுக்கு முன்னால், ஜெபஷீலா சம்மதப் பேப்பரை எனக்கு முழுசாக வாசித்தாள். நான் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். குடும்பக் கட்டுப்பாடு என்று வந்த இடத்தில் நிறுத்தி, ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"இது அவளுக்குத் தெரிய வராதுல்ல?"

பிறகு எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன்.

தேவயானி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மறுபடியும் உள்ளங்கையை மலர்த்தினாள்.

அவளிடம் பேச்சை முடிக்க முதுகைக் காட்டினால் போதும்.

காட்டினேன்.

"நல்லதுதான் செஞ்சிருக்கீக பெரியவரே. உங்களுக்குப் பெறகு அவ எத்தனைய வளர்ப்பா?" என்றாள் நர்ஸ் பின்னாலிருந்து.

காலையிலிருந்து நானும் இதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படியிறங்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை.